பவளப்பாறை குட்டி இறால், நண்டு எல்லாம் ஐடி பண்றது எப்படி? மன்னார் வளைகுடா சாம்பிள், உதவி வேணும்

பவளத்தூள்:
வணக்கம். நான் எம்எஸ்சி மரைன் பயாலஜி செகண்ட் இயர். மன்னார் வளைகுடால செத்த பவளக் கல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்குற சின்ன க்ரஸ்டேசியன் (இறால், நண்டு வகையறா) எல்லாம் பிரிச்சு லிஸ்ட் போடணும், இதுதான் ப்ராஜெக்ட். கைடோட பர்மிட்லதான் எடுத்தோம், அதனால "பார்க்குக்குள்ள கல்லெடுக்கலாமா"ன்னு யாரும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். கல்லை உடைச்சு சல்லடையில கழுவி பார்த்தா அவ்ளோ சாமான் வருது, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. இப்போதைக்கு நாலு குவியலா பிரிச்சு வச்சிருக்கேன்.

ஏ: 2 செமீ இறால், ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்கு சம்பந்தமே இல்லாம பெருசா இருக்கு, கண்ணு எங்க இருக்குன்னே தெரியல.
பி: தட்டையான நண்டு, 1 செமீ கூட இல்ல, செம வேகம், ஃபோர்செப்ஸ்ல தொட்டதும் கொடுக்கை கழட்டி போட்டுட்டு ஓடுது.
சி: இது உயிரோட இருந்த கிளைப் பவளத்துக்குள்ள இருந்த பளபள நண்டு, எடுக்கல, போட்டோ மட்டும் இருக்கு.
டி: பேன் மாதிரி இருக்குற ஐட்டம் எல்லாம் மொத்தமா ஒரே பாட்டில்ல.

கூகுள் லென்ஸ் ஏ-வுக்கு "ப்ரான்"னு சொல்லுது, பி-க்கு "க்ராப்"னு சொல்லுது. அது எனக்கே தெரியும்ல. நல்ல ஆப் இல்ல புக் இருந்தா சொல்லுங்க.

நண்டுக்கால்:
ஆப்பை மறந்துடும்மா. மேல இருந்து எடுத்த ஒரு போட்டோவ வச்சு ரீஃப் இறாலுக்கு ஸ்பீசீஸ் பேர் சொல்றவங்க பாதி பேர் ஊகிக்கிறாங்க, மீதி பேர் வேற யாரோ ஊகிச்சதை காப்பி அடிக்கிறாங்க. முதல்ல பெரிய குரூப் எதுன்னு முடிவு பண்ணு, அதுக்கப்புறம் குடும்பம், அப்புறம்தான் ஜீனஸ். அந்த வரிசைய மாத்துனா கண்டிப்பா தப்பு வரும்.

பி ஈசி. கொடுக்கை விட்டுட்டு மீதி நடக்குற கால் எத்தனை ஜோடி தெரியுதுன்னு எண்ணு. நிஜ நண்டுக்கு நாலு ஜோடி தெரியும். உன்னோடதுல மூணுதான் தெரிஞ்சா அது போர்சலின் நண்டு, நாலாவது ஜோடி குச்சி மாதிரி சின்னதா ஓட்டுக்கு அடியில பின்னாடி மடிஞ்சு கிடக்கும். மீசைய பாரு, கண்ணுக்கு வெளிப்பக்கமா நீளமா போகும், நிஜ நண்டுக்கு அது குட்டையா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கும். திருப்பிப் போட்டா மடிஞ்ச வால் நுனியில விசிறி இருக்கும், நிஜ நண்டுக்கு அந்த விசிறியே கிடையாது. அதாவது இது நண்டு வேஷம் போட்ட வேற பரம்பரை, துறவி நண்டுக்கு சொந்தக்காரன். இப்படி வேற வேற பரம்பரைங்க நண்டு உருவத்துக்கு வந்து சேர்றதுக்கு கார்சினைசேஷன்னு 1916லயே பொர்ரடெய்ல் பேர் வச்சிட்டார். கொடுக்கை கழட்டிட்டு ஓடுறது அவங்களுக்கு வாடிக்கை. பெட்ரோலிஸ்தஸ் ஜீனஸ்ல இருந்து ஆரம்பி.

சி-க்கு எந்தப் பவளம்னு சொல்லு. அது தெரியாம நான் வாயத் திறக்க மாட்டேன்.

டேங்க்மணி:
ஏ பிஸ்டல் ஷ்ரிம்ப் சிஸ்டர், கண்ண மூடிட்டு சொல்லலாம். என் ரீஃப் டேங்க்ல லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்குற ரீஃப் கல்) கூட ஒண்ணு வந்து மாட்டிக்கிச்சு, ராத்திரி ஆனா டிக் டிக்னு சத்தம், வீட்ல எல்லாரும் கண்ணாடி விரிசல் விடுதுன்னு பயந்துட்டாங்க. அண்ணே நண்டுக்கால் அண்ணே, ஒரு டவுட், இது பிஸ்டலா இல்ல மான்டிஸ் ஷ்ரிம்ப்பான்னு பார்க்காமலே சத்தத்த வச்சு சொல்ல முடியுமா? மான்டிஸ்னா என் மீன் எல்லாம் காலி.

நண்டுக்கால்:
சத்தத்த வச்சு உறுதியா சொல்ல முடியாது மணி, ரெண்டுமே டிக்குதான். உருவத்த பார்த்தா குழப்பமே இல்ல. பிஸ்டலுக்கு ஒரு கொடுக்கு பெருசு, கண்ணு ஓட்டுக்கு உள்ள. மான்டிஸுக்கு கண்ணு தண்டு மேல வெளிய நீட்டிக்கிட்டு தனித்தனியா சுத்தும், அடிக்கிற கை நெஞ்சுக்கு அடியில மடிஞ்சு இருக்கும், அது கொடுக்கே இல்ல. மான்டிஸ் அந்தக் கைய வச்சு நேரா இரைய அடிக்கும், 2004ல ஹை ஸ்பீடு கேமரால அளந்தப்ப நொடிக்கு 23 மீட்டர் வரைக்கும் வேகம் வந்துச்சு. பிஸ்டல் தொடவே தொடாது. மேல் விரல்ல ஒரு முளை இருக்கும், கீழ் விரல்ல அதுக்கேத்த குழி. படார்னு மூடும்போது குழியில இருந்த தண்ணி பீச்சி அடிச்சு ஒரு குமிழி உண்டாகும், அந்தக் குமிழி உடையுற சத்தம்தான் நீ கேக்குறது. விரல் ரெண்டும் மோதுற சத்தம்னுதான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தாங்க, 2000ல வெர்ஸ்லூயிஸ் குரூப் படம் புடிச்சு காட்டின பிறகுதான் குமிழின்னு நிரூபணம் ஆச்சு. அடுத்த வருஷமே அந்தக் குமிழி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சமும் வருது, உள்ள 5000 கெல்வினுக்கு மேல சூடுன்னு நேச்சர் பத்திரிகையில வந்துச்சு.

டேங்க் கண்ணாடிய பிஸ்டல் உடைக்காது. பெரிய ஸ்மேஷர் (சுத்தியல் மாதிரி அடிக்கிற) மான்டிஸ்னா அந்த கேரன்டி நான் தர மாட்டேன்.

உப்புக்காத்து:
ரெண்டாம் உலகப்போர்ல இந்த இறால் சத்தம் நீர்மூழ்கி தேடுற கருவிகளுக்கே இடைஞ்சலா இருந்துச்சு, அமெரிக்க நேவி ஆள் போட்டு ஆராய்ச்சி பண்ணுச்சு. சும்மா சொன்னேன், தொடருங்க.

பவளத்தூள்:
நன்றி சார். பி-ல மூணு ஜோடிதான் தெரியுது, விசிறியும் இருக்கு. அப்ப போர்சலின்.
ஏ-வுக்கு, அப்ப நேரா பிஸ்டல் இறால் ஜீனஸான அல்ஃபியஸ்னு எழுதிடலாமா? ஆஸ்திரேலியா அல்ஃபீட் இறால் பத்தி பேனர் தம்பதி எழுதின மூணு பாகமும் பிடிஎஃப் இருக்கு, அதுல இருக்குற கீ-ல (அடையாளத்த வச்சு பேர் கண்டுபிடிக்கிற கேள்வி வரிசை) ஓட்டி பார்த்தேன், முதல் பக்கத்துலயே எல்லாம் "பெரிய கொடுக்கு", "சின்ன கொடுக்கு"ன்னு கேக்குது, என் சாம்பிள்ல பாதிக்கு ஒரு கொடுக்கு இல்ல.

லேப்கோட்டு:
பெரிய கொடுக்கு இருந்தா அல்ஃபியஸ்னு எழுதுறதுதான் எல்லா செக்லிஸ்ட்லயும் வர்ற வியாதி. பிஸ்டல் இறாலோட அல்ஃபீடே குடும்பத்துல 600க்கு மேல ஸ்பீசீஸ் இருக்கு, அல்ஃபியஸ் ஜீனஸ்ல மட்டும் 300 தாண்டியாச்சு, ஆனா உங்க கல்லுக்குள்ள அதே குடும்பத்து சினல்ஃபியஸ் ஜீனஸும் தாராளமா இருக்கும். ரெண்டையும் மைக்ரோஸ்கோப் அடியில இப்படி பிரிங்க.

ஓட்டோட முன் விளிம்ப மேல இருந்து பாருங்க. நடு முனை ஒண்ணு, கண்ணை மூடுற மூடி ரெண்டுலயும் ஒவ்வொரு கூர்முனை, ஆக மூணு பல் வரிசையா சூலம் மாதிரி தெரிஞ்சா சினல்ஃபியஸ் பக்கம் சாயலாம். ஆனா அதோட நிறுத்தக்கூடாது, சில அல்ஃபியஸுக்கும் கண் மூடியில முள் இருக்கும். நடக்குற கால் அடியில எபிபாட்னு குட்டி கொக்கி உறுப்பு இருக்கான்னு பாருங்க, சினல்ஃபியஸுக்கு கிடையாது, அல்ஃபியஸுக்கு முன் கால்கள்ல இருக்கும். ஓட்டு ஓரத்த லேசா தூக்கித்தான் பார்க்கணும், பொறுமை வேணும். கடல்பஞ்சுக்குள்ள இருந்து வந்துச்சான்னும் குறிச்சு வைங்க, சினல்ஃபியஸ்ல நிறைய பேர் கடல்பஞ்சுக்குள்ளயே குடித்தனம். பெலிஸ் நாட்டு ரீஃப்ல சினல்ஃபியஸ் ரிகாலிஸ்னு ஒண்ணு, ஒரே ராணி முட்டை போட மத்தவங்க காவல் காக்குற கூட்டமா வாழுதுன்னு 1996ல டஃபி காட்டினார், தேனீ எறும்புக்கு இருக்குற அதே ஏற்பாடு கடல்ல முதல் தடவையா கிடைச்சது அதுலதான்.

கொடுக்கு விஷயம். பெருசு வலதுலயும் இருக்கும் இடதுலயும் இருக்கும், அது ஸ்பீசீஸ் அடையாளம் இல்ல. இன்னொரு வேடிக்கை, பெரிய கொடுக்கு போயிட்டா அடுத்தடுத்த சட்டை உரிப்புல சின்ன கொடுக்கு பெருசா மாறிடும், போன இடத்துல சின்னது முளைக்கும். அதனால பாதி வளர்ந்த கொடுக்கோட ஒரு ஆள் உங்க தட்டுல வந்து உக்காந்தா எந்தக் கீயும் வேலை செய்யாது. அத தூரப் போடாதீங்க, ஆனா பேரும் வைக்காதீங்க.

பவளத்தூள்:
எபிபாட் பார்த்தாச்சு, இருக்கு. முன் விளிம்புல ஒரே ஒரு முனை, பக்கத்துல மூடியில முள் இல்ல. பெரிய கொடுக்குல மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் வெட்டு விட்ட மாதிரி பள்ளம் இருக்கு. சின்ன கொடுக்கு சில பேருக்கு சாதாரணமா இருக்கு, சில பேருக்கு மேல் விரல்ல ரெண்டு பக்கமும் முடி வரிசையா இருக்கு. அப்ப ரெண்டு ஸ்பீசீஸா?

லேப்கோட்டு:
அவசரப்படாதீங்க. மேல கீழ ரெண்டு பக்கமும் பள்ளம் இருந்தா அது எட்வர்ட்சியை குரூப். கூட்டியேர் 1905 வாக்குல அல்ஃபியஸ குரூப் குரூப்பா பிரிச்சார், பின்னாடி வந்த டிஎன்ஏ மரத்தோட அது எல்லா இடத்துலயும் ஒத்து வரல, ஆனா லேப்ல உக்காந்து பிரிக்கிறதுக்கு இன்னைக்கும் அதான் கைகொடுக்குது. அந்த முடி வரிசை விவகாரம், இந்தக் குரூப்ல பல ஸ்பீசீஸ்ல ஆணோட சின்ன கொடுக்குக்கு மட்டும் அப்படி முடி வளரும், பெண்ணுக்கு சாதாரணமா இருக்கும். அதனால முதல்ல ஆண் பெண் பிரிங்க. சினை வச்சிருந்தா பெண், அது சுலபம். சினை இல்லாததுக்கு ரெண்டாவது நீச்சல் காலோட உள் குச்சிய பாருங்க, ஆணுக்கு ரெண்டு குச்சி, பெண்ணுக்கு ஒண்ணு. ஒரே கல்லுல ஜோடியா கிடைச்சிருந்தா பிரிச்சு வேற வேற பாட்டில்ல போட்டு வச்சிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

பவளத்தூள்:
ஒரு கல்லுக்கு ஒரு பாட்டில்தான் சார்.

ஈழத்துப்பார்:
வணக்கம் எல்லாருக்கும். நான் திருகோணமலைப் பக்கம். புறாத்தீவில ஸ்னோர்க்கல் செய்யேக்க கிளைப் பவளத்துக்க குனிஞ்சு பாத்தா எப்பவும் ஒரு சோடி நண்டு இருக்கும், கைய கிட்ட கொண்டு போனா ஓடாது, கொடுக்கை தூக்கிக் கொண்டு சண்டைக்கு வரும். இங்க டைவ் கூட்டிக்கொண்டு போற பெடியள் எல்லாத்தையும் ட்ரபீசியா எண்டு ஒரே பேரில முடிச்சிடுவினம். தங்கச்சி சொல்ற சி-யும் அதுதானோ? சிவப்புப் புள்ளி இருந்துதோ?

பவளத்தூள்:
புள்ளி இல்லண்ணா. வெளிர் உடம்பு, முன் விளிம்புல ஒரு கறுப்பு கோடு. பவளம் அக்ரோபோரான்னு கைடு சொன்னார்.

நண்டுக்கால்:
அக்ரோபோரான்னா என் காசு டெட்ராலியா மேல. இதுக்குத்தான் பவளம் எதுன்னு கேட்டேன். ட்ரபீசியா குடியிருக்குறது போசில்லோபோரா பவள வகையறால, டெட்ராலியா அக்ரோபோரால. ரெண்டும் ரொம்ப காலம் ட்ரபீசிடேன்னு ஒரே குடும்பத்துல இருந்துச்சு, 2004ல காஸ்ட்ரோ, இங், ஆயாங் மூணு பேரும் சேர்ந்து டெட்ராலிடேன்னு தனிக் குடும்பமா பிரிச்சிட்டாங்க. கிட்டத்தட்ட ஒரே மாதிரி பளபள ஓடு, ஒரே மாதிரி வாழ்க்கை, அதனால சொந்தம்னு நினைச்சிட்டோம், தனித்தனியா அதே வழிக்கு வந்திருக்காங்க.

கையில இருந்தா இப்படி பாரு. ட்ரபீசியாவுக்கு முன் விளிம்பு அலை அலையா மடல் மடலா இருக்கும், கொடுக்கு ரெண்டும் ஏறக்குறைய சமம், ஓட்டு பக்கவாட்டுல பெரும்பாலும் ஒரு பல். டெட்ராலியாவுக்கு முன் விளிம்பு கிட்டத்தட்ட நேர்கோடு, பொடிப் பொடி பல்லு, கொடுக்கு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. அதே அக்ரோபோரால உருண்டையா, முடியும் கரடுமுரடுமா ஒரு நண்டு கிடைச்சா அது சைமோ, சைமோ மெலனோடாக்டைலஸுக்கு கொடுக்கு விரல் கறுப்பு. வெள்ளை நோய் வந்த அக்ரோபோரால அது கூட்டமா இருக்குறத பார்த்துட்டு அதுதான் நோய பரப்புதுன்னு சந்தேகப்பட்டாங்க, 2013ல சோதிச்சு பார்த்தா நண்டு இருக்குற பவளத்துல நோய் பரவுறது மெதுவா இருக்கு, எடுத்துட்டா வேகம் கூடுது.

ஈழத்துப்பார்:
அப்ப நான் பாத்த சண்டைக்காரர் ட்ரபீசியாதான், அது போசில்லோபோரா. முள்கிரீட நட்சத்திர மீன் ஏற வந்தா கடிச்சுக் கலைக்கும் எண்டு கேள்விப்பட்டனான், உண்மையோ?

நண்டுக்கால்:
உண்மைதான். முள்ளையும் குழாய்க் காலையும் கடிச்சு தள்ளும், கூடவே அல்ஃபியஸ் லொட்டினின்னு ஒரு பிஸ்டல் இறாலும் அதே பவளத்துல குடியிருந்துகிட்டு சேர்ந்து சண்டை போடும். பனாமால கிளின் இதை 1970கள்லயே பார்த்து எழுதிட்டார். அது மட்டும் இல்ல, பவளத்து மேல விழுற மண்ணையும் இந்த நண்டுங்கதான் தட்டிவிடுது. 2006ல பசிபிக்ல இருக்குற மூரியா தீவுல நண்டை எடுத்துட்டு பார்த்தாங்க, மண் படிஞ்சு பவளம் செத்துடுச்சு. வாடகை வேற கட்டுறாங்க பாருங்க.

கலர் விஷயம் ஒண்ணு சொல்லிடுறேன். ட்ரபீசியால சிவப்புப் புள்ளி, வலைக்கோடு, மஞ்சள் புள்ளி இதெல்லாம் ஸ்பீசீஸ் பிரிக்கிற முக்கியமான அடையாளம், ஓட்டு வடிவம் பல சமயம் அப்படியே ஒண்ணா இருக்கும். ஆல்கஹால்ல போட்டா அந்தக் கலர் போயிடும். அதனால பழைய மியூசியம் பாட்டில்ல இருக்குற வெள்ளை நண்ட வச்சு அந்தக் காலத்து ஆராய்ச்சியாளருங்க எல்லாத்தையும் ஒரே ஸ்பீசீஸோட வெரைட்டின்னு அடுக்கி வச்சாங்க. உயிரோட போட்டோ எடுக்காம ஆல்கஹால்ல போடுறது பாதி ஐடிய கழுவி ஊத்துற மாதிரி.

ஜீன்தம்பி:
எல்லாரும் மன்னிக்கணும், ஆனா 2020 தாண்டியும் கொக்கி எண்ணிக்கிட்டு இருக்கோமா? காலுல ஒரு துண்டு வெட்டு, ஸ்பீசீஸ் பிரிக்க உதவுற சிஓஐங்கிற மைட்டோகாண்ட்ரியா ஜீன்ல 658 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) படி, டேட்டாபேஸ்ல ஓட்டு, முடிஞ்சது. 2011ல ப்ளெய்சன்ஸ் டீம் உலகம் பூரா ஏழெட்டு இடத்துல செத்த பவளம் எடுத்து இதத்தான் பண்ணாங்க, மொத்தமே 6.3 சதுர மீட்டர் பரப்பு, அதுல 525 க்ரஸ்டேசியன் ஸ்பீசீஸ். இத்தனையும் கண்ணால பார்த்து பேர் வைக்க எத்தனை வாழ்நாள் வேணும்?

லேப்கோட்டு:
தம்பி அந்த 525ம் டிஎன்ஏல தனித்தனியா நிக்கிற கூட்டம். பெரும்பாலானதுக்கு பேர் கிடையாது. எத்தனை இருக்குன்னு எண்ணுறதுக்கு அது அருமையான வேலை, நான் மறுக்கல. ஆனா இந்தப் பொண்ணு எழுத வேண்டியது லிஸ்ட். டேட்டாபேஸ்ல ஓட்டினா ஏதோ ஒரு அல்ஃபியஸோட 88 சதவீதம் ஒத்துப்போகுதுன்னு வரும், அத வச்சு என்ன எழுதுறது? அந்த டேட்டாபேஸ்ல பேர் போட்டவனும் ஒரு நாள் கொக்கி எண்ணித்தான் போட்டிருக்கணும், எண்ணாம போட்டிருந்தா அந்தத் தப்பு உன் ரிப்போர்ட்டுக்கும் வந்து சேரும்.

அதுவும் அல்ஃபியஸ்ல போய் கண்ண மூடிட்டு சிஓஐய நம்பாத. 2001ல வில்லியம்ஸும் நோல்டனும் எழுதினாங்க, இந்த ஜீனஸ்ல மைட்டோகாண்ட்ரியா ஜீனோட செத்த நகல்கள் நியூக்ளியஸுக்குள்ள ஏகப்பட்டது கிடக்கு, பிசிஆர்ல ஜீனை பெருக்கும்போது நிஜத்துக்கு பதிலா அது வந்துடும்னு. ஜீன் நடுவுல ஸ்டாப் கோடான் (நிறுத்தக் குறி) வருதா, சீக்வென்ஸ் வரைபடமான குரோமடோகிராம்ல ரெட்டை முகடு வருதான்னு பார்க்காம விட்டா இல்லாத ஸ்பீசீஸெல்லாம் முளைக்கும்.

ஜீன்தம்பி:
சரி, நூமட் (நியூக்ளியஸுக்குள்ள கிடக்குற அந்த நகல்) பிரச்சினை இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா அதே நோல்டன் டீம்தானே பனாமா நிலப்பாலத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குற அல்ஃபியஸ் ஜோடிகள எடுத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கு ஆனா டிஎன்ஏவும் வேற, சேர விட்டா இனமும் பெருகலன்னு 1993லயே காட்டினாங்க? கண்ணால பார்த்தா அதுல பாதி ஒரே ஸ்பீசீஸ்னு போயிருக்கும்.

லேப்கோட்டு:
அதுல எனக்கும் சண்டை இல்ல. நிலப்பாலம் கடலை ரெண்டா அடைச்சு ஏறத்தாழ 30 லட்சம் வருஷம் ஆகியும் வெளித்தோற்றம் அவ்ளோ கொஞ்சமாத்தான் மாறியிருக்குன்னா, மன்னார்ல கிடைச்சதுக்கு ஆஸ்திரேலியா கீய வச்சு ஸ்பீசீஸ் பேர் போடுறது எவ்ளோ துணிச்சல்னு யோசி. அதனாலதான் ரெண்டையும் பண்ணச் சொல்றேன். ஒரு கால் டிஎன்ஏவுக்கு, மீதி முழு உடம்பு பாட்டில்ல, ரெண்டுக்கும் ஒரே நம்பர். சீக்வென்ஸ் மட்டும் வச்சுகிட்டு உடம்ப தூக்கிப் போட்டவங்க டேட்டாவ பத்து வருஷம் கழிச்சு யாரும் சரிபார்க்கவே முடியாது.

பவளத்தூள்:
இங்க லேப்ல எல்லாமே ஃபார்மலின்ல போடுற பழக்கம். நான் பாதி அப்படித்தான் போட்டிருக்கேன். இனிமே எடுக்குறத என்ன பண்றது? ஆல்கஹால்ல உயிரோட போட்டா உதறி உதறி கொடுக்கு கழண்டுடுது.

நண்டுக்கால்:
ஃபார்மலின்ல போட்டது உருவத்துக்கு ஓகே, டிஎன்ஏவுக்கு ரொம்ப கஷ்டம். இனிமே எடுக்குறத முதல்ல கடல் தண்ணியோட சின்ன டப்பால தனித்தனியா வை, ஒரே டப்பால ரெண்டு பிஸ்டல போட்டா காலையில ஒண்ணுதான் இருக்கும். கறுப்பு பின்னணி வச்சு உயிரோட மேல இருந்து, பக்கத்துல இருந்து, ரெண்டு கொடுக்கும் தெரியுற மாதிரி போட்டோ எடு, பக்கத்துல ஸ்கேல். அப்புறம் டப்பாவ ஐஸ் மேல வச்சு மெதுவா குளிர வை, இல்லன்னா கடல் தண்ணியில கிராம்பு எண்ணெய் ஒண்ணு ரெண்டு சொட்டு. அசைவு நின்ன பிறகு 95 சதவீத எத்தனால். சாமான விட ஆல்கஹால் பல மடங்கு இருக்கணும், மறுநாள் ஒரு தடவை மாத்திடு, உடம்புல இருந்து வர்ற தண்ணியே ஆல்கஹால நீர்த்துப்போக வச்சிடும். 95ல ரொம்ப நாள் இருந்தா மொறுமொறுன்னு ஆகி மீசையெல்லாம் ஒடியும், அதனால டிஎன்ஏவுக்கு ஒரு காலை வெட்டி வச்சுட்டு உடம்ப 70க்கு மாத்திக்கலாம்.

வலைஞன்:
டி பத்தி யாருமே பேசல. எனக்கு அந்தப் பேன் ஐட்டம்தான் ஆர்வம்.

நண்டுக்கால்:
வர்றேன். பக்கவாட்டுல அமுங்கி படுத்தே கிடந்தா ஆம்ஃபிபாட். மேல இருந்து அமுங்கி தட்டையா இருந்தா ஐசோபாட். நீளமா குழாய் மாதிரி, முன்னாடி ஒரு ஜோடி குட்டி கொடுக்கோட இருந்தா டனாய்ட், அதுக்கு தலைய ஒட்டி முதல் ரெண்டு உடல் வளையத்த ஒரு ஓடு மூடியிருக்கும், ஐசோபாடுக்கு அப்படி ஓடு கிடையாது. பெண்ணுக்கு வயித்துல பை இருந்து அதுல முட்டை இருந்தா இந்த மூணும் ஒரே பெரிய கூட்டம்னு புரியும், அந்தப் பைக்குள்ள இருந்து குட்டிகள் நேரா குட்டிகளாவே வரும், கடல்ல மிதக்குற லார்வா கட்டம் கிடையாது. குச்சிப்பூச்சி மாதிரி ஒல்லியா பாசில தொங்குறது காப்ரெல்லிட், அதுவும் ஆம்ஃபிபாட்தான்.

ஐசோபாட்ல நடக்குற கால் ஏழு ஜோடிக்கு பதிலா அஞ்சு ஜோடிதான் இருந்தா துள்ளிக் குதிச்சிடு, அது நத்தீட். ஆணுக்கு முகத்துல இடுக்கி மாதிரி பெரிய தாடை இருக்கும், ஆனா அந்த வாயால அது ஒண்ணும் சாப்பிடாது. குட்டியா இருக்கும்போது மீன் மேல ஒட்டி ரத்தம் குடிச்சு சேர்த்து வச்சதுலயே வாழ்ந்துட்டு போயிடும். சுத்தம் பண்ற ராஸ் மீன் ஒண்ணு ஒரு நாளைக்கு சுமார் 1200 ஒட்டுண்ணி திங்குதுன்னு ஆஸ்திரேலியாவோட லிசார்ட் தீவுல க்ரட்டர் கணக்கெடுத்தாங்க, அதுல பெரும்பங்கு இந்த நத்தீட் குட்டிங்க. ஆணையும் பெண்ணையும் குட்டியையும் வேற வேற உயிர்னு நினைச்சு பேர் வச்ச வரலாறும் இதுக்கு உண்டு. நத்தீட் ஸ்பீசீஸ் ஐடி பெரியாள் ஆணை வச்சுத்தான் பண்ணுவாங்க, குட்டி மட்டும் கிடைச்சா குடும்பப் பேரோட நிறுத்து.

ஆம்ஃபிபாட்ல ஸ்பீசீஸ் வரைக்கும் போகணும்னா வாய் உறுப்பு ஒவ்வொண்ணா கழட்டி ஸ்லைடு போடணும். எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல அதுக்கு நேரம் இருக்காது, குடும்பத்தோட விட்டுடு.

பவளத்தூள்:
இங்கதான் பிரச்சினையே. கைடு "எல்லாத்துக்கும் ஸ்பீசீஸ் பேர் வேணும், ஸ்பீசீஸ் தெரியலன்னு sp. போட்டா வைவாவுல கேள்வி வரும்"னு சொல்றார். சீனியர் ஒருத்தங்க பழைய தீசிஸ்ல இருக்குற லிஸ்ட்ட பார்த்து பொருந்துற பேரா போடுன்னு சொல்றாங்க.

லேப்கோட்டு:
அந்தப் பழைய தீசிஸ்ல அந்தப் பேர் எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை பின்னாடியே போய்ப் பாருங்க. அதுக்கு முந்தின தீசிஸ், அதுக்கு முந்தி ஒரு செக்லிஸ்ட், கடைசியா போய் நிக்கிறது தர்ஸ்டன் ராமேஸ்வரத்துல சேகரிச்சு ஹெண்டர்சன் 1893ல எழுதினது, இல்லன்னா குருசடைத் தீவு உயிர்கள் பத்தி க்ரேவ்லி 1927ல மெட்ராஸ் மியூசியம் புல்லட்டின்ல தொகுத்தது, இல்ல சிலோன் முத்துச்சிப்பி ரிப்போர்ட்ல பியர்சன் 1905ல எழுதினது. அவங்க பெரிய ஆளுங்கதான், சந்தேகமே இல்ல, ஆனா அவங்க ஒரு பேர் எழுதினப்ப இருந்த அல்ஃபியஸ் எண்ணிக்கையும் இப்ப இருக்குறதும் ஒண்ணா? அதுக்கப்புறம் அந்தப் பெயர்கள்ல பலது செல்லாமப் போச்சு. உதாரணத்துக்கு நண்டுக்கால் சொன்ன அல்ஃபியஸ் லொட்டினி பல பழைய புக்ல அல்ஃபியஸ் வென்ட்ரோசஸ்னு இருக்கும். ரெண்டையும் லிஸ்ட்ல தனித்தனி வரிசையா போட்டு ரெண்டு ஸ்பீசீஸ்னு கணக்கு காட்டின ஆள எனக்குத் தெரியும். ஒவ்வொரு பேரையும் வோர்ம்ஸ்ங்கிற கடல் உயிரினப் பெயர் டேட்டாபேஸ்ல போட்டு இப்ப செல்லுபடி ஆகுதான்னு பார்த்துட்டு எழுதுங்க.

ஜீன்தம்பி:
இந்த ஒரு விஷயத்துல நான் லேப்கோட்டு சார் பக்கம். பேர் தப்பா போட்டா அது ஜிபிஐஎஃப்ங்கிற உலக பல்லுயிர் டேட்டாபேஸ் வரைக்கும் போயிடும், அப்புறம் யாரும் திருப்ப முடியாது.

வலைஞன்:
நீங்கல்லாம் வேலையில இருக்கீங்க, ஈசியா சொல்லலாம். மார்க் போடுறது கைடு. அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?

லேப்கோட்டு:
நியாயமான கேள்வி. கைடுகிட்ட சண்டை போடாம இப்படி செய்யலாம். ஜீனஸ் வரைக்கும் உறுதின்னா "அல்ஃபியஸ் sp. 1, எட்வர்ட்சியை குரூப்", பக்கத்துலயே அடையாளம் எழுதி கொடுக்கு ரெண்டையும் வரைஞ்சு படம் போடணும். ஒரு ஸ்பீசீஸோட நல்லா ஒத்துப்போகுது, ஆனா முழுசா சரிபார்க்க முடியலன்னா cf. போடணும். கிட்ட வருது ஆனா வேறன்னு தோணுச்சுன்னா aff. எந்த அடையாளம் பார்த்தோம், எது உடைஞ்சிருந்துச்சுன்னு ஒரு அட்டவணை. வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல் டாக்ஸானமி தெரிஞ்சவரா இருந்தா அந்த அட்டவணைய பார்த்து சந்தோஷப்படுவார். தெரியாதவரா இருந்தா எந்தப் பேர் போட்டாலும் அவருக்கு ஒண்ணுதான், அந்தப் பயம் உங்களுக்கு எதுக்கு. கைடுக்கு ஸ்பீசீஸ் பேர் வேணும்னா போர்சலின் நண்டுல கிடைக்கும், பெட்ரோலிஸ்தஸ்ல சிலது நல்லா தெளிவா வரும், அதுல முழுப் பேர் போட்டு அவர சமாதானப்படுத்துங்க.

ஈழத்துப்பார்:
சி-க்கு போட்டோ மட்டும்தானே இருக்கு, அதை லிஸ்டில போடலாமோ?

நண்டுக்கால்:
"டெட்ராலியா sp., போட்டோ பதிவு, அக்ரோபோரா மேல, மாதிரி எடுக்கல"ன்னு போடலாம். கறுப்பு கோடு இருக்குன்னு டெட்ராலியா நைக்ரோலினியேட்டான்னு நானும் ஆசைப்படுறேன், ஆனா கொடுக்க பார்க்காம, முன் விளிம்பு பக்கத்துல பார்க்காம எழுத மாட்டேன். அந்தப் பவளத்த உடைச்சு நண்டை எடுக்கணும்னு யாரும் யோசனை சொல்லாதீங்க, 2016ல கடல் சூடாகி பவளம் வெளுத்தப்ப அங்க எவ்ளோ கிளைப் பவளம் போச்சுன்னு தெரிஞ்சவங்க அத சொல்ல மாட்டாங்க. மேக்ரோ லென்ஸோட இன்னொரு தடவை இறங்கினா போதும்.

பவளத்தூள்:
அடுத்த டைவுக்கு சார்கிட்ட கேமரா கேட்டிருக்கேன். எட்வர்ட்சியை குரூப்ல ஆண் பெண் பிரிச்சுட்டேன், முடி வரிசை இருக்குறதெல்லாம் ஆண்தான், ஒண்ணு மட்டும் ஆணா இருந்தும் முடி இல்ல.

லேப்கோட்டு:
அந்த ஒண்ணை தனியா எடுத்து வைங்க. சின்ன வயசு ஆணா இருக்கலாம், கொடுக்கு திரும்ப முளைச்சதா இருக்கலாம், வேற ஸ்பீசீஸாவும் இருக்கலாம். ஓட்டு நீளம் அளந்து மத்த ஆண்களோட ஒப்பிடுங்க, பெரிய கொடுக்க பக்கவாட்டுல ரெண்டு பக்கமும் வரைங்க, மூணாவது கால் நுனி நகம் ஒத்தையா ரெட்டையான்னு பாருங்க. அதுல இருந்து கண்டிப்பா ஒரு கால் டிஎன்ஏவுக்கு. ப்ராஜெக்ட் முடிஞ்சதும் பாட்டில லேப் அலமாரியில விடாம சென்னைல இருக்குற இசட்எஸ்ஐ (இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம்) மரைன் பயாலஜி சென்டர்ல ஒப்படைச்சு ரிஜிஸ்டர் நம்பர் வாங்குங்க. புது ஸ்பீசீஸ்னு ஆச்சுன்னா 2002 பல்லுயிர் சட்டப்படி அங்கீகாரம் உள்ள காப்பகத்துல மாதிரி வச்சே ஆகணும். லேபிள் பாட்டிலுக்கு வெளிய ஒட்டாம உள்ள போடுங்க, பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சு ஓடிடும்.

டேங்க்மணி:
எல்லாம் சரி, என் டேங்க்ல இருக்குறத எப்படி பிடிக்கிறதுன்னு யாரும் சொல்லலியே.

நண்டுக்கால்:
எந்தக் கல்லுல இருந்து சத்தம் வருதுன்னு ராத்திரி காத வச்சு கண்டுபிடி, அந்தக் கல்ல மட்டும் வெளிய எடுத்து பக்கெட் மேல பிடிச்சுகிட்டு ஓட்டைக்குள்ள சோடா தண்ணி கொஞ்சம் பீச்சு, வெளிய குதிச்சிடும். கையால மட்டும் பிடிக்காத, மான்டிஸா இருந்தா விரல் போயிடும். வந்ததும் பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ போடு, கொடுக்கு ரெண்டும் தெரியணும்.